ஷெவாலியேயா, ஸ்மித்தா: பாதுகாத்து வைக்க எந்த வெள்ளை ஒயின்?

பிரான்சின் போர்தோ நகருக்குத் தெற்கே உள்ள பெசாக்-லெயோஞான் வட்டாரத்தில், சிவப்பு, வெள்ளை இரண்டிலும் பெயரெடுத்த ஒயின் தோட்டங்கள் சில உண்டு. அவற்றில் ஓ-பிரியோன் விலை என் கைக்கு எட்டாது. அடுத்த படியில் 'தொமேன் து ஷெவாலியே', 'ஷாத்தோ ஸ்மித் ஓ லஃபித்' இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, ஷெவாலியேயின் வெள்ளையைப் பெட்டியாக வாங்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே வாங்குவேன்.

சிவப்பைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. இரண்டிலும் கேபர்நே சாவிஞோன் திராட்சையின் கைதான் ஓங்கியிருக்கும். ஸ்மித்தில் செறிவு அதிகம். அதன் 2009ஆம் ஆண்டு ஒயினுக்கு விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 100 புள்ளிகள் கொடுத்தார். ஷெவாலியேயில் நயம் அதிகம். ஆட்டிறைச்சி விருந்துக்கு ஸ்மித்தைத்தான் சொல்வேன்.

இந்த வட்டாரத்தை உள்ளடக்கிய கிராவ் பகுதியின் சிறந்த ஒயின்களைக் குறித்த 1959ஆம் ஆண்டுத் தரப்பட்டியலில் ஷெவாலியேயின் இரண்டு நிறங்களும் உண்டு; ஸ்மித்தின் சிவப்பு மட்டுமே உண்டு. அதை வைத்து ஸ்மித்தின் வெள்ளையைத் தள்ளிவிட முடியாது. 1990இல் கத்தியார் தம்பதி அந்தத் தோட்டத்தை வாங்கியபின் அதன் தரம் வெகுவாக உயர்ந்துவிட்டது.

என்னைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: எத்தனை ஆண்டு வைத்திருந்து குடிக்கப்போகிறோம்? ஸ்மித்தின் வெள்ளையில் ஏறத்தாழ 90 சதவீதம் சாவிஞோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சை. பம்பளிமாசும் பீச் பழமும் கலந்த மணம், அதோடு புதுப் பீப்பாயின் லேசான புகை; இளமையிலேயே மனத்தை அள்ளிவிடும். ஷெவாலியேயில் செமியோன் திராட்சை கிட்டத்தட்ட 30 சதவீதம். பைன் காடு சூழ்ந்த தோட்டம் அது. வசந்தத்தில் உறைபனி பயம் எப்போதும் உண்டு. பழுத்த குலைகளை மட்டும் பார்த்துப் பார்த்துப் பல தவணைகளில் கையால் பறிக்கிறார்கள். சாறு பீப்பாயிலேயே நொதித்து, அங்கேயே மாதக்கணக்கில் இருக்கிறது. புதிதில் திறந்தால் எலுமிச்சைத் தோலும் உரசிய கல்லின் வாசமும்தான், வாய் திறக்காது. பத்து ஆண்டு கடந்த பாட்டிலில் நிறம் பொன்னாகியிருந்தது. தேனும் தேன்மெழுகும் வறுத்த ஹேசல் கொட்டையும் மணத்தன, புளிப்போ சற்றும் தளரவில்லை. இந்த மாற்றத்துக்காகத்தான் அதை வாங்குகிறேன்.

ஆனால் அதற்கு இடம் வேண்டும். 12 டிகிரி அளவில் ஏற்ற இறக்கமில்லாத குளிர்ச்சி, இருட்டு, கார்க் காயாதபடி பாட்டிலைப் படுக்கவைக்கும் அலமாரி. நிலவறை இல்லாவிட்டால் ஒயின் குளிர்பெட்டிக்கும் ஆண்டாண்டாக அதன் மின்கட்டணத்துக்கும் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும். கோடையில் கொதிக்கும் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் வைப்பதானால் ஷெவாலியே வீண். ஸ்மித்தை வாங்கிச் சில ஆண்டுகளுக்குள் குடித்துவிடுங்கள்.

ஸ்மித் வெள்ளையில் முதிர்ந்த பாட்டில்களை நான் அதிகம் சுவைத்ததில்லை. அதுவும் அழகாக முதிரக்கூடும். என் சாய்வை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷெவாலியேயை இளமையிலேயே திறக்க நேர்ந்தால், ஒரு மணி நேரம் முன்பே கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிவையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு ஊற்றாதீர்கள். பாதி மணம் அதில் அடங்கிப்போகும்.