ஸ்லோ ஜூஸரும் ஃப்ரிட்ஜும்: மூன்று வருட அனுபவம்

எங்கள் வீட்டுக்கு ஸ்லோ ஜூஸர் வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் மாதம் யாராவது கேட்டிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். ஆறாம் மாதம் கேட்டிருந்தால் பாதி விலைக்கு அவர்கள் தலையிலேயே கட்டியிருப்பேன்!

மிக்ஸி நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் சுற்றும். இது வெறும் 50 சுற்றுதான். திருகு போன்ற ஒரு தண்டு பழத்தை நசுக்கிப் பிழிகிறது. நுரை குறைவு, சக்கை ஓரளவு காய்ந்தே வெளியே வரும். அரைக் கிலோ கேரட்டுக்கு 250 மில்லி கிடைக்கிறது. மிக்ஸியில் அரைத்துத் துணியில் பிழிந்தாலும் எடுக்கலாம்தான், ஆனால் தண்ணீர் சேர்க்க வேண்டும், மணிக்கட்டு விட்டுப்போகும். பெட்டியில் போட்டிருக்கும் 'உடல் நச்சை நீக்கும்' வகையறாக்களை நான் கண்டுகொள்வதில்லை. நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது, சர்க்கரை டம்ளரில் வந்து நிற்கிறது. அதனால் சர்க்கரை உள்ள அப்பாவுக்கு அரை டம்ளர்தான், அதுவும் காய்கறி ஜூஸ் மட்டும். சக்கையில் பாதியை அடை மாவில் கலந்துவிடுவேன்.

மெஷினைவிட அந்தச் சல்லடையோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம். ஜூஸ் எடுக்க ஐந்து நிமிடம், கழுவப் பத்து நிமிடம். குடித்துவிட்டுக் கழுவலாம் என்று விட்டால் தீர்ந்தது. கேரட் நார் சின்னச் சின்ன ஓட்டைகளில் காய்ந்து சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஊசியால் குத்திக்கூடப் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் டம்ளரை வாயில் வைக்கும் முன்பே சல்லடையைக் குழாயடியில் பிடித்து, பழைய டூத் பிரஷால் வெளிப்பக்கமிருந்து தேய்த்துவிடுகிறேன். மஞ்சள் கறை ஏறினால் வெந்நீரில் ஆப்ப சோடா போட்டு இரவு முழுக்க ஊறவைப்பேன். இஞ்சியை நீளமாகப் போட்டால் நார் தண்டில் சுற்றிக்கொள்ளும், வட்டமாக நறுக்கிப் போடுங்கள். சல்லடையைச் சுற்றித் துடைக்கும் சிலிக்கோன் துடைப்பான் இரண்டு வருடத்தில் தேய்ந்தது, மாற்றியாயிற்று. மற்றபடி மோட்டார் நன்றாகவே இருக்கிறது.

சரி, எடுத்து வைக்கும் கதைக்கு வருகிறேன். தினமும் கழுவும் சலிப்பில், ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் அடி சாத்துக்குடியில் விழுந்தது. காலையில் தேன் மாதிரி இருந்த ஜூஸ் சாயங்காலம் வேப்பங்கொழுந்து மாதிரி கசந்தது. பழம் கெட்டிருக்கும் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன், பாவம் அவர். பிறகுதான் விஷயம் தெரிந்தது: சாத்துக்குடியின் உள்வெள்ளைத் தோலிலும் சவ்விலும் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. பிழிந்ததும் அது புளிப்போடு சேர்ந்து, மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மாறத்தான் செய்யும்.

அடுத்தது பன்னீர் திராட்சை. தேனியில் இருந்துகொண்டு கம்பம் திராட்சையை விட முடியுமா? 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், சீசனில் மூன்று கிலோவாக வாங்குவோம். ஒரு தடவை ஒன்றரை லிட்டர் எடுத்து, இறுக்கி மூடி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. மறுநாள் மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று சத்தம், நுரை பொங்கி மேடையெல்லாம் ஊதா. மோந்து பார்த்த மாமியார், "இதை நீ காய்ச்சினியா, பிழிஞ்சியா?" என்றார். திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் ஒட்டியிருக்கும். கழுவினாலும் முழுசாகப் போகாது. குளிர் குறைந்தால் அது வேலையைத் தொடங்கிவிடும்.

அன்று கூடவே இருந்த கேரட் ஜூஸையும் கொட்டிவிட்டேன். அதில் நுரையும் இல்லை, வாடையும் இல்லை. ஆனால் கேரட்டில் புளிப்பு கிடையாது, கிருமிக்குத் தடையே இல்லை. 2006-ல் அமெரிக்காவில் குளிர்ச்சி இல்லாமல் கிடந்த பாட்டில் கேரட் ஜூஸைக் குடித்தவர்களுக்கு பொட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கவைக்கும் கடுமையான நோய் வந்திருக்கிறது. ஆகவே கேரட், பீட்ரூட் ஜூஸை எலுமிச்சை பிழிந்து, சின்னக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வைக்கிறேன். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் வெப்பம் படும். மறுநாள் தாண்டினால் செடிக்குத்தான். ஆப்பிள் ஜூஸ் பத்து நிமிடத்திலேயே பழுப்பாகிவிடும். எலுமிச்சை கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் முழுசாக இல்லை. மாதுளை மட்டும் இரண்டு நாள் நிறமும் ருசியும் மாறாமல் நிற்கிறது.

அதைவிட அதிக நாள் வைக்க ஃப்ரீசர்தான் சரி. அதிலும் ஒரு பாட்டிலை உடைத்திருக்கிறேன். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும் என்று பள்ளியில் படித்தது, பாட்டில் விரிசல் விட்டபோதுதான் ஞாபகம் வந்தது. இப்போது ஐஸ் ட்ரேதான். எலுமிச்சையும் பெரிய நெல்லிக்காயும் இதற்கென்றே பிறந்தவை. நெல்லிக்காய் கிலோ கணக்கில் மலிவாக வரும்போது கொட்டை எடுத்துப் பிழிந்து, ட்ரேயில் உறையவைத்து, கட்டிகளைக் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுவேன். காலையில் ஒரு கட்டி, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. அன்றைக்குச் சல்லடை கழுவும் வேலையும் மிச்சம்.

சுரைக்காய் ஜூஸ் குடிப்பவர்கள் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்த பிறகே மெஷினில் போடுங்கள். லேசாகக் கசந்தாலும் குப்பைக்குத்தான். அந்தக் கசப்பு விஷம்.

வாங்கலாமா என்று கேட்டால், கேரட், பீட்ரூட், நெல்லி, மாதுளை என்று வாரத்தில் நாலு நாளாவது போடுகிற வீடாக இருந்தால் வாங்கலாம். சாத்துக்குடிக்காக மட்டும் என்றால் வேண்டாம். எங்கள் வீட்டில் அதற்கு இன்னமும் மாமியாரின் பழைய பிளாஸ்டிக் பிழிவான்தான். பாதியாக வெட்டி, குமிழில் கவிழ்த்து, விதையும் வெள்ளைத் தோலும் நசுங்காமல் ரெண்டு திருகு. டம்ளர் நிறைந்ததும் அங்கேயே நின்று குடித்துவிட வேண்டும்.