கையெழுத்திட்ட இசைத்தட்டு என்று நம்பி 640 டாலர் இழந்தேன்: வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் படித்துவிடுங்கள்

டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்க ராப் இசைக்குழுவின் தலைவர் ஷாக் ஜி, 2021 ஏப்ரல் 22 அன்று ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் ஒரு விடுதி அறையில் இறந்து கிடந்தார். என் மேசைமேல் இப்போது கிடக்கும் இசைத்தட்டின் உறையில் அவர் அதே ஆண்டு ஜூன் மாதம் கையெழுத்திட்டதாக, தங்க முத்திரை ஒட்டிய ஒரு சான்றிதழ் சொல்கிறது. இறந்து இரண்டு மாதம் கழித்துப் பேனா பிடித்த இந்த அதிசயத்துக்கு நான் கொடுத்த விலை 640 டாலர். பார்சல் நேற்று முன்தினம்தான் வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், ஆகவே சொற்கள் சற்றுச் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வசிப்பது கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில். அங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஓக்லாந்தில் 1987இல் உருவான குழு அது. பார்லிமென்ட், ஃபங்கடெலிக் குழுக்களின் ஃபங்க் எனும் துள்ளலிசைத் தாளத்தை எடுத்து, அதன்மேல் ராப்பையும் அடக்க முடியாத குறும்பையும் ஏற்றியவர்கள். 1990இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ‘செக்ஸ் பாக்கெட்ஸ்’. (பெயரை வீட்டில் உரக்கச் சொல்ல முடியாது, அதைக் காவல் நிலையத்தில் சொல்ல நேர்ந்த கதை பின்னால் வருகிறது.) அதில் உள்ள ‘தி ஹம்ப்டி டான்ஸ்’ அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் தரவரிசைப் பட்டியலில் 11ஆம் இடம் வரை ஏறியது. பின்னாளில் உலகமே அறிந்த ராப் பாடகர் டூபாக் ஷகூர், இவர்களுக்குச் சாமான் தூக்கி, மேடை ஓரத்தில் ஆடித்தான் தொடங்கினார்.

ஆனால் என்னை மயக்கியது ஹம்ப்டி ஹம்ப். பெரிய போலி மூக்கு ஒட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கடைத்த குரலில் தன் அழகைத் தானே புகழ்ந்து பாடும் அந்தக் கோமாளிக்கு எட்வர்ட் எலிங்டன் ஹம்ஃப்ரி என்று ஒரு முழுப் பெயரும், கொதிக்கும் எண்ணெயில் மூக்கு வெந்துபோனதால்தான் போலி மூக்கு என்று ஒரு சோகக் கதையும் உண்டு. உண்மையில் ஷாக் ஜியே ஹம்ப்டி. இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்று சாதிப்பதற்காக, மேடையில் இருவரும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டிய இடங்களில் வேறொருவருக்கு மூக்கை மாட்டி நிறுத்திவிடுவார்களாம். ஏமாற்றியதற்காக யாரும் அவர்கள்மேல் கோபப்படவில்லை, பிடிபட்டபோதும் கைதட்டினார்கள். அந்த மேடையை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறைதான், அவர் கை பட்ட ஒரு பொருளாவது வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசையாக வளர்ந்தது.

பழைய பொருள்களைத் தனியார் வாங்கவும் விற்கவும் உதவும் ஒரு பெரிய இணையச் சந்தையில், மூன்று வாரங்களுக்கு முன்பு அந்த விளம்பரத்தைக் கண்டேன். 1990இல் வெளியான முதல் பதிப்பு, உறையின் வலது கீழ் மூலையில் ஷாக் ஜியின் கையெழுத்து, அதன் அருகே பேனாவால் வரைந்த ஒரு சிறிய ஹம்ப்டி முகம், விலை 700 டாலர். அந்தச் சிறிய முகம்தான் என்னை வீழ்த்தியது. ஷாக் ஜி நல்ல ஓவியர், குழுவின் படங்களை ராக்கடெலிக் என்ற பெயரில் அவரே வரைந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கையெழுத்தோடு ஒரு படமும் போட்டுக் கொடுத்திருப்பார் என்பதில் எனக்குத் துளியும் ஐயம் எழவில்லை. எனக்குத் தெரிந்த அந்த அரைகுறைச் செய்தி இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பேன்.

விற்றவரோடு இரண்டு மாலைகள் எழுத்தில் உரையாடினேன். இளமையில் ஓக்லாந்து நிகழ்ச்சி ஒன்றில் முன்வரிசையில் நின்றதாகவும், ஷாக் ஜி பியானோவில் அமர்ந்திருக்கும்போதே மறுபக்கத்திலிருந்து ஹம்ப்டி நுழைந்ததைப் பார்த்து அரங்கமே குழம்பிப்போனதாகவும், அந்த மூக்கு வியர்வையில் நழுவி நழுவி விழுந்ததாகவும் அவர் எழுதினார். வியர்வையில் நழுவும் மூக்கு! நேரில் பார்த்தவரைத் தவிர வேறு யாரால் இதைச் சொல்ல முடியும் என்று நான் உருகிப்போனேன். கையெழுத்து எப்போது வாங்கியது என்று கேட்டதற்கு, அவருடைய கடைசி ஆண்டுகளில் ஒரு நிகழ்ச்சி முடிந்த பின்பு என்று சொல்லி, உடனே பேச்சை வேறு பாட்டுக்குத் திருப்பினார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். சந்தை வழியாகச் செலுத்தினால் அவர்கள் தரகு பிடித்துக்கொள்வார்கள். நேரடியாகப் பணம் அனுப்பும் செயலியில், நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் அனுப்பும் பிரிவில் அனுப்பினால் 640 டாலருக்கே தருவதாகவும், ஒரு ரசிகனுக்கு இன்னொரு ரசிகன் செய்யும் உதவியாக இதை எடுத்துக்கொள்ளுமாறும் எழுதினார். அறுபது டாலர் மிச்சம் என்ற கணக்கில், அன்று இரவே 640 டாலரையும் அனுப்பிவிட்டேன். பணம் கிடைத்தது என்ற பதிலோடு, மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு முகப்படத்தையும் அனுப்பினார். அதைப் பார்த்து நான் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

பார்சலைப் பிரித்ததும் முதலில் சான்றிதழைத்தான் படித்தேன். ஜூன் 2021 என்ற தேதியைப் பார்த்ததும் அச்சுப் பிழையாக இருக்கும் என்று மனம் சமாதானம் தேடியது. மகளின் பள்ளி அறிவியல் பெட்டியிலிருந்து லென்ஸை எடுத்து உறையின் மூலையைப் பார்த்தேன். பேனாக் கோடாக இருக்க வேண்டியது நீலமும் சிவப்பும் மஞ்சளுமான நுண்புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தது. விரலால் தடவினால் பேனா அழுந்திய தடமே இல்லை. கையெழுத்து, ஹம்ப்டி முகம், உறை எல்லாமே ஒரே அச்சு இயந்திரத்திலிருந்து ஒன்றாக வெளிவந்தவை. உள்ளே இருந்த தட்டு மட்டும் நிஜம். அதிலும் ஆழமான கீறல் விழுந்து, ஊசி ஒரே வரியில் தாவித் தாவி நிற்கிறது. “இதுக்கா அறுநூத்து நாப்பது டாலர் குடுத்தீங்க?” என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

விற்றவர் என் முதல் செய்திக்கு, சான்றிதழை வேறொருவர் தயாரித்ததால் தேதி மாறியிருக்கலாம் என்றார். புள்ளிகளைப் படமெடுத்து அனுப்பியதும் என்னைத் தடைசெய்துவிட்டார். சந்தையின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன்; பணம் தங்கள் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டதால் தங்களால் உதவ இயலாது என்று நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. நாலு நிமிடத்தில் எந்த மனிதர் என் கடிதத்தைப் படித்திருப்பார்? பணச் செயலிக்காரர்கள், நீங்களே அனுமதித்த பரிவர்த்தனை இது, நண்பருக்கு அனுப்பியதாக நீங்களே குறித்திருக்கிறீர்கள் என்றார்கள். வங்கிக்குத் தொலைபேசியில் பேசியபோது நாற்பது நிமிடம் இசை கேட்கவைத்து, செயலிக்காரர்களிடமே கேளுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். காவல் நிலையத்தில் புகார் எழுதிய அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் பொருளின் பெயர் என்ன என்று கேட்டபோது நான் ஆல்பத்தின் பெயரைச் சொன்னதும், தட்டச்சை நிறுத்தி, அதை மறுபடி எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். 640 டாலரோடு மானமும் போயிற்று.

என்னென்ன சோதிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். சந்தைக்கு வெளியே பணம் கேட்டால் அந்த நொடியே விலகிவிடுங்கள். கலைஞர் இறந்த தேதியையும் கையெழுத்திட்ட தேதியையும் பணம் அனுப்பும் முன்பே எழுத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். கையெழுத்தை மிக அருகில், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். விற்பவர் சொல்லும் மேடைக் கதைகளில் மயங்காதீர்கள், அவை எல்லாம் இணையத்தில் கிடைப்பவைதான். வியர்வையில் நழுவும் மூக்கை யாரும் கற்பனை செய்துகொள்ளலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சந்தையில் மறுபடி தேடிப் பார்த்தேன். அதே உறை, அதே ஹம்ப்டி முகம், வேறொரு பெயரில் விற்பனைக்கு ஏறியிருக்கிறது, விலை அதே 700 டாலர். புகார் பொத்தானை அழுத்தினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று வந்திருக்கிறது.