டூரிஸ்ட் விசால போய் கல்யாணமும் பண்ணி வேலையும் பாக்கலாம்னு சொன்ன கன்சல்டன்சி: அஞ்சுக்கு ஒரு ஸ்டார், அதுவும் ஏசிக்கு

திருச்சில ஒரு விசா கன்சல்டன்சிக்கு போன அனுபவம் இது. பேர் போடல, போட்டா அந்தாளு போன் மேல போன் போட்டு உசுர எடுப்பாரு, அதுவும் இல்லாம இதே பேக்கேஜ விக்கிற கடை எல்லா ஊர்லயும் ரெண்டு மூணு இருக்கு, படிச்சாலே உங்க ஊர் கடை எதுன்னு தெரிஞ்சுரும்.

என் தங்கச்சிக்கு நியூ ஜெர்சி எடிசன்ல ஒரு வரன் அமைஞ்சது. மாப்பிள்ளை சின்ன வயசுலயே அப்பா அம்மாவோட போனவரு, அமெரிக்கன் சிட்டிசன், நல்ல பையன். தட்டு மாத்தியாச்சு. அவருக்கு லீவு பத்தாது, அதனால அவங்க பக்கத்து பெரியப்பா ஒருத்தர், "பொண்ண டூரிஸ்ட் விசால அனுப்பிவிடுங்க, பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில்ல தாலி கட்டிடலாம், மிச்சத்த அங்க பாத்துக்கலாம்"னு சொல்லிட்டாரு. அந்த "மிச்சம்" என்னன்னு யாருமே கேக்கல, நானும்தான்.

கன்சல்டன்சில நல்ல ஏசி, லிபர்ட்டி சிலை போஸ்டர், காபி எல்லாம் குடுத்தாங்க. ஓனரு பேச்சு தேன் மாதிரி. "பி1/பி2, அதான் டூரிஸ்ட் விசா, அடிக்கிறோம் தம்பி, பத்து வருஷம் மல்டிபிள் என்ட்ரி, தங்கச்சி போய் இறங்குது, கல்யாணம் பண்ணுது, கிரீன் கார்டு போடுது, அது வர்ற வரைக்கும் சும்மா ஏன் உக்காரணும், தெரிஞ்சவங்க கடைல கேஷ்ல வேலை பாக்கட்டும், பர்மிட் பின்னாடியே வந்துரும்." மொத்தம் ஒன்னரை லட்சம், அட்வான்ஸ் அறுபதாயிரம். அமெரிக்கா காரன் அப்ப வாங்கின விசா பீஸ் 185 டாலர்தான், மிச்சமெல்லாம் எதுக்குன்னு அப்ப கேக்கத் தோணல, ஜிபே பண்ணிட்டு வந்துட்டேன்.

ஒரு காமெடி சொல்லணும். தொண்ணூறு நாள் ரூல்னு ஒன்னு இருக்காம், அதனால போய் இறங்கி 91வது நாளுக்கு அப்புறம் முகூர்த்தம் குறிச்சுக்கோங்கன்னாரு. எங்க ஜோசியரு ராகு கேது எல்லாம் பாத்து நாள் குறிச்சவரு, அவருகிட்ட போய் அமெரிக்க கவர்மென்ட்டு கணக்கு இப்படி இருக்கு சாமின்னு சொன்னா மனுஷன் பஞ்சாங்கத்த மூடிட்டு போயிருப்பாரு.

மேட்டர் எங்க உடைஞ்சதுன்னா டிஎஸ்-160ங்கிற விசா அப்ளிகேஷன் பார்ம்ல. தங்கச்சி ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறவ, எந்த பேப்பர்ல கையெழுத்து போடணும்னாலும் முழுசா படிக்காம போடமாட்டா. அங்க இருந்த பொண்ணு டைப் அடிச்சு முடிச்சு "கீழ சைன் அன்ட் சப்மிட் குடுங்க மேடம்"னு லேப்டாப்ப திருப்பி வச்சுது. இவ மேல இருந்து ஸ்க்ரோல் பண்ண ஆரம்பிச்சுட்டா. அப்பா அம்மா தவிர நெருங்கின சொந்தம் யாராவது அமெரிக்கால இருக்காங்களான்னு ஒரு கேள்வி, அதுக்கு "நோ" டிக் அடிச்சிருக்கு. பக்கத்துல இருந்த ஹெல்ப்ப தொட்டு பாத்தா, நெருங்கின சொந்தம்னா புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க, கூடப்பொறந்தவங்க, அதோட நிச்சயம் பண்ணின ஆளும் சேர்த்தின்னு தெளிவா போட்டிருக்கு. இன்னும் கீழ போனா இந்த பார்ம நிரப்ப யாராவது உதவி பண்ணாங்களான்னு ஒரு கேள்வி, அதுக்கும் "நோ". பக்கத்துல உக்காந்து ஒன்னரை மணி நேரமா டைப் அடிச்ச பொண்ணு யாரு அப்போ, ஆவியா?

"சார், எனக்கு நிச்சயம் ஆகிருச்சே, இதுல இல்லன்னு போட்டிருக்கு"ன்னா. ஓனரு சிரிச்சுகிட்டே "அது சும்மா பார்மாலிட்டி மேடம், இன்டர்வியூல கேட்டா நயாகரா பாக்கப் போறேன்னு சொல்லுங்க போதும்"னாரு. தங்கச்சி லேப்டாப்ப மெதுவா மூடிட்டு என்ன ஒரு பார்வை பாத்தா பாருங்க, அறுபதாயிரம் அங்கயே போச்சுன்னு எனக்கு தெரிஞ்சுபோச்சு.

அப்புறம் மாப்பிள்ளையே அங்க ஒரு இமிக்ரேஷன் வக்கீல பிடிச்சாரு, ஜூம்ல முக்கா மணி நேரம், 200 டாலர். இவருக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் எதுக்கு கொறச்சேன்னா மெயிலுக்கு பதில் போட ஒரு வாரம் ஆக்குவாரு. ஆனா அந்த முக்கா மணி நேரம் தங்கம்.

அவரு சொன்னதுல முதல் விஷயம், டூரிஸ்ட் விசால போய் அங்க கல்யாணம் பண்றது சட்டப்படி குத்தமே இல்லையாம். நியூ ஜெர்சில லைசென்ஸ் 28 டாலர், அப்ளை பண்ணி 72 மணி நேரம் காத்திருக்கணும், ஒரு சாட்சி வேணும், அவ்ளோதான். தாலி கட்டிட்டு ஊருக்கு திரும்பி வந்தா ஒருத்தனும் எதுவும் கேக்கமாட்டான். அங்கயே தங்கிடணும்னு முடிவு பண்ணிட்டு, அத மறைச்சு சுத்திப்பாக்க போறேன்னு விசா வாங்குறதுலதான் வினை.

வேலை விஷயம் இன்னும் வேடிக்கை. டூரிஸ்ட் விசால ஒரு நாள் கூட வேலை பாக்கக்கூடாது, கேஷ்ல வாங்கினாலும் வேலை வேலைதான். அங்கேயே இருந்து கிரீன் கார்டுக்கு ஐ-485 போட்டா, அது கூட ஐ-765 போட்டு வொர்க் பர்மிட் கார்டு கைக்கு வந்த பிறகுதான் வேலை, அது வரவே மாசக்கணக்கு ஆகும். ஆனா சிட்டிசனோட மனைவிங்கிறதால, ஒழுங்கா விசால உள்ள வந்திருந்தா, இடைல திருட்டுத்தனமா வேலை பாத்ததையும் நாள் தாண்டி தங்கினதையும் வச்சு மட்டும் கிரீன் கார்ட மறுக்க முடியாதுன்னு சட்டத்துலயே இருக்காம். ஓனரு இத அரைகுறையா எங்கயோ கேட்டுட்டுதான் கடை விரிச்சிருக்காரு. கிரீன் கார்டு மட்டும் வச்சிருக்கிறவர கட்டிக்கிற பொண்ணுக்கு இந்த சலுகை கிடையாது, அத அவரு சொல்லவே இல்ல. எல்லாத்தையும் விட முக்கியமா, விசா அதிகாரிகிட்ட பொய் சொன்னதுக்கு அந்த சலுகை செல்லாது. டிஎஸ்-160ல அந்த "நோ" அப்படியே போயிருந்தா அது ஆயுசுக்கும் தடை, தனியா மன்னிப்பு மனு போட்டு அது பாஸ் ஆனாத்தான் உண்டு. அந்த பொய்ய சொல்றதுக்குத்தான் நான் அட்வான்ஸ் கட்டியிருக்கேன்.

அந்த 91வது நாள் கதைய கேட்டு வக்கீல் சிரிச்சே சிரிச்சாரு. போய் இறங்கின தொண்ணூறு நாளுக்குள்ள கல்யாணம் பண்ணி செட்டில் ஆனா, இல்ல வேலைக்கு போனா, வரும்போதே பொய் சொல்லித்தான் வந்திருக்கன்னு எடுத்துக்கலாம்னு 2017ல அவங்க வெளியுறவுத் துறை வச்ச ரூல் அது. 91வது நாள் பண்ணினா பாவம் கழிஞ்சுரும்னு அதுல எங்கயும் எழுதல. பத்து வருஷ விசாவும் அப்படித்தான், ஒரு தடவை போனா எவ்ளோ நாள் இருக்கலாம்னு ஏர்போர்ட்ல ஐ-94ங்கிற வருகைப் பதிவுல போடுறதுதான் கணக்கு, பொதுவா ஆறு மாசம்.

அங்கயே இருந்து கிரீன் கார்டு போடுற செலவ பாத்தா தலை சுத்திருச்சு. 2024 ஏப்ரல்ல ஏத்தின ரேட்டுல மனைவிக்காக மாப்பிள்ளை போடுற ஐ-130 மனுவ பேப்பர்ல போட்டா 675, ஐ-485க்கு 1,440, வொர்க் பர்மிட்டுக்கு 260, நடுவுல ஊருக்கு வந்து போக பெர்மிஷனுக்கு 630, கூட்டினா 3,005 டாலர், வக்கீல் பீஸ் தனி. அந்த பெர்மிஷன் கைல இல்லாம கிளம்பினா போட்ட அப்ளிகேஷன் காலி. எங்க பாட்டிக்கு 84 வயசு, அதுக்கு ஒன்னுன்னா இவ அங்க உக்காந்து போன்லதான் அழணும். இதுல ஒரு வரி கூட கன்சல்டன்சி கொட்டேஷன்ல கிடையாது.

கே-1ங்கிற வருங்கால மனைவி விசாவும் இருக்கு, போய் தொண்ணூறு நாளுக்குள்ள கல்யாணம் பண்ணணும், ஆனா அதுலயும் போய் இறங்கினதும் வேலைக்கு போக முடியாது. கல்யாணம் ஆன மனைவிக்கு குடுக்குற சிஆர்-1 விசால போனா உள்ள நுழைஞ்ச அன்னிக்கே கிரீன் கார்டு ஹோல்டர், அடுத்த நாளே வேலைக்கு போகலாம், ஆனா கல்யாணத்த முடிச்சுட்டு ஊர்லயே காத்திருக்கணும். தங்கச்சி ஒரு செகண்ட் கூட யோசிக்காம இதுதான்னுட்டா.

மாப்பிள்ளை ரெண்டு வார லீவுல வந்தாரு, ஸ்ரீரங்கத்துல கல்யாணம், பத்திரிகை, ஐயர் சர்டிபிகேட், போட்டோ எல்லாம் தூக்கிட்டு போய் சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணோம் (நம்ம ஊர்ல 2009 சட்டப்படி 90 நாளுக்குள்ள பண்ணணும், நம்ம பக்கமும் அதே தொண்ணூறு!). ஐ-130 பாஸாக பதினாலு மாசம் ஆச்சு. இப்ப மும்பை இன்டர்வியூ தேதிக்கு வெயிட்டிங். கஷ்டம் இல்லன்னு சொல்லமாட்டேன், ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டை மாடில போனோட நடந்துட்டு இருப்பா, கீழ படுத்திருக்கிற எனக்கு செருப்பு சத்தம் கேக்கும்.

அறுபதாயிரத்துல இருபத்தஞ்சுதான் திரும்பி வந்துச்சு, அதுவும் ஆறு தடவை நடந்து. மிச்சம் "ப்ராசஸிங் சார்ஜ்"ங்குறாங்க. என்னத்த ப்ராசஸ் பண்ணீங்கன்னு கேட்டேன். பார்ம் நிரப்பினோமே சார்ங்குது அந்த பொண்ணு. பார்ம்லதான் யாரும் உதவி பண்ணலன்னு போட்டீங்களேம்மான்னேன், உள்ள ரூமுக்கு எந்திரிச்சு போயிருச்சு.