எடை சொல்லாததை அளந்த நான்கு ஆண்டுகள்

2021 ஜனவரியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் என்னுடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1.சி.) 6.2 விழுக்காடு என்று வந்தது. நீரிழிவுக்கு முந்தைய நிலை 5.7-இல் தொடங்குகிறது, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு என்றே சொல்லிவிடுவார்கள். அப்போது எனக்கு வயது 47, உயரம் 156 செ.மீ., எடை 58.4 கிலோ. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பி.எம்.ஐ. கணக்குப்படி 24. இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். மொரீஷியசின் குவாத்ர் போர்ன் நகரில் நான் தமிழ் கற்பிக்கும் பள்ளியிலும், கோயில் பந்தியிலும், "உங்களுக்கென்ன டீச்சர், நீங்கள் இரண்டு தால் பூரி கூடுதலாகவே சாப்பிடலாம்" என்று சொல்லாதவர்கள் குறைவு.

மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு எடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இடுப்பை எப்போதாவது அளந்து பார்த்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான் அளந்ததே இல்லை.

அன்று மாலை அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து மஞ்சள் நிற இஞ்சி டேப்பை எடுத்து, பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் வைத்துப் பார்த்தேன், 83 செ.மீ. இருந்தது. அளக்க வேண்டிய இடம் அது அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், டேப் தோலை அழுத்தாமல் தரைக்கு இணையாக இருக்கும்படி பிடித்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளவெடுக்க வேண்டும். இரண்டாம் முறை அம்மாவே டேப்பைப் பிடித்துக்கொண்டு, "வயித்த உள்ள இழுக்காத, மூச்ச விட்டுட்டு நில்லு" என்றார். 88 வந்தது. தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பதே எச்சரிக்கைக் கோடு.

இதற்குப் பிறகுதான் கொழுப்பு விழுக்காட்டைக் காட்டும் எடைக்கருவி ஒன்றை வாங்கினேன். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அதைப் பயன்படுத்தி வருகிறேன். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஏனென்றால் வீட்டில் பயன்படுத்தும் இவ்வகைக் கருவிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன. அந்த முறையைப் புரிந்துகொள்ளாமல் எதை வாங்கினாலும் நான் முதல் ஒன்றரை ஆண்டுகளில் செய்த தவறுகளையே செய்ய நேரும்.

கருவியின்மேல் நான்கு உலோகத் தகடுகள் இருக்கின்றன. வெறுங்காலோடு ஏறி நின்றால், உணர முடியாத அளவுக்குச் சிறிய மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது. தசையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர் என்பதால் மின்சாரம் அதில் எளிதாக ஓடும். கொழுப்பில் நீர் மிகக் குறைவு, ஆகவே அது தடுக்கும். கருவி உண்மையில் அளப்பது இரண்டைத்தான்: எடையையும் இந்த மின்தடையையும். இவற்றோடு நாம் பதிந்து வைத்த உயரம், வயது, பாலினம் ஆகியவற்றை ஒரு சமன்பாட்டில் போட்டு, உடலில் நீர் இவ்வளவு, ஆகவே தசை முதலியவை இவ்வளவு, மீதி கொழுப்பு என்று கணித்துச் சொல்கிறது. மின்னோட்டம் கால்களையும் அடிவயிற்றையும் சுற்றிவிட்டு இறங்கிவிடுவதால், வயிற்றின் மேற்பகுதியில் என்ன இருக்கிறது என்பதை அது நேரடியாகத் தொடுவதே இல்லை. கருவியோடு இணைந்த கைபேசிச் செயலியில் வரும் 'உள்ளுறுப்புக் கொழுப்பு', 'உடல் வயது' போன்ற எண்களை நான் பார்ப்பதை நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். அந்த வேலைக்கு இஞ்சி டேப்பே மேல்.

கொழுப்பு எண் எவ்வளவு எளிதில் பிசகும் என்பதை ஒரு காலைப்பொழுதில் நானே சோதித்துப் பார்த்தேன். எழுந்தவுடன் ஏறியபோது 58.4 கிலோ, கொழுப்பு 37.9 விழுக்காடு. ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஏறினேன். 59.4 கிலோ, கொழுப்பு 38.6 விழுக்காடு. கணக்குப் போட்டால், குடித்த ஒரு கிலோ தண்ணீரில் 800 கிராமைக் கொழுப்பு என்று கருவி எழுதியிருந்தது! வயிற்றிலிருக்கும் தண்ணீர் இன்னும் இரத்தத்திலும் தசையிலும் சேராததால் மின்தடை மாறவில்லை. எடை மட்டும் கூடிற்று. சமன்பாடு கூடியதில் பெரும்பகுதியைக் கொழுப்பின் பக்கம் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமை காலையில், கழிவறைக்குப் போய்வந்த பிறகு, எதையும் குடிக்காமல், கால்களைத் துடைத்து உலர்த்திக்கொண்டு ஒரு முறை மட்டும் ஏறுகிறேன். குளிர்காலமான ஜூலையில் கால் சில்லிட்டிருந்தால் எண் சற்றுக் கூடுதலாக வருவதையும் கவனித்திருக்கிறேன். முதல் நாள் கடுமையாக வியர்க்க நடந்திருந்தாலும் அப்படித்தான். ஒரு வாரத்து எண்ணை நம்புவதில்லை. நான்கு வாரச் சராசரியைத்தான் சென்ற மாதத்தோடு ஒப்பிடுகிறேன்.

இதற்கு நடுவே, ஏன் 24 என்ற பி.எம்.ஐ. என்னைக் காப்பாற்றவில்லை என்ற கேள்வி மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் குவெட்லே 1830-களில் மக்கள்தொகையின் சராசரியை அறிய உருவாக்கிய வாய்பாடு அது. 1972-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். தனி ஒருவருக்குள் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது சொல்வதில்லை. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் ஒரு படத்தை வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. அந்தப் படத்தைப் பார்த்தபோது, என் அப்பாவும் சித்தப்பாக்களும் மெலிந்த கைகால்களோடும் சின்னத் தொந்தியோடும் நின்ற பழைய குடும்பப் படங்கள்தாம் எனக்கு நினைவுக்கு வந்தன. அவர்கள் மூவருமே சர்க்கரை நோயாளிகள். ஆசியர்களுக்கு 23-இலேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சொன்னதும் 2004-இல்தான். நம் மொரீஷியசில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் நிலையில், கோயில் மருத்துவ முகாமில் எடையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது. ஓர் இஞ்சி டேப் என்ன விலை இருக்கும்?

இவ்வளவு தெரிந்தும் முதல் ஒன்றரை ஆண்டுகளில் எடையைக் குறைப்பதையே குறியாகக் கொண்டிருந்தேன். இரவுச் சோற்றை நிறுத்தினேன்; மாலையில் நடந்தேன்; எடை ஏறியும் இறங்கியும் 2022 ஆகஸ்டில் 57.9 கிலோவில் நின்றது. கொழுப்பு 37.6, இடுப்பு 88. அந்த மாதம் சென்னைக்குச் சென்றிருந்தபோது டெக்ஸா ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். இருவேறு ஆற்றலுள்ள மிகக் குறைந்த எக்ஸ் கதிர்களை உடல் முழுவதும் செலுத்தி எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரித்துக் காட்டும் முறை அது. படுத்திருந்த நேரம் பத்து நிமிடங்கூட இருக்காது. அதில் என் கொழுப்பு 41.2 விழுக்காடு என்று வந்தது. வீட்டுக் கருவி மூன்றரைப் புள்ளி குறைவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கொழுப்பு கூடுதல் என்பதைவிட, தொடையிலும் கையிலும் தசை என் வயதுக்குக் குறைவு என்று ஸ்கேன் எடுத்த பெண் திரையில் விரலை வைத்துக் காட்டியது என்னைத் தொட்டது. சாப்பிட்ட உணவிலிருந்து இரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமே தசைதான். இறக்கிவைக்கக் கிடங்கு சிறிதாக இருந்தால் சர்க்கரை தெருவில்தான் நிற்கும்.

ஊர் திரும்பியதும் வாரத்துக்கு மூன்று நாள் எடை தூக்கத் தொடங்கினேன். முதலில் இரண்டு கிலோ டம்பெல், சுவரைப் பிடித்து உட்கார்ந்து எழுதல். இப்போது பதினாறு கிலோவைத் தரையிலிருந்து தூக்குகிறேன். சோற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்து, பருப்பு, முட்டை, தயிர், மீன் ஆகியவற்றால் நாளுக்கு ஏறத்தாழ 65 கிராம் புரதம் வரும்படி பார்த்துக்கொண்டேன்.

2023 தைப்பூசம் எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம். நான் ஒருவேளை மட்டும், பெரும்பாலும் சோறும் காய்கறியும் உண்டேன். பிப்ரவரி 4 அன்று கோர் தெ கார்த் மலையிலுள்ள முருகன் கோயிலுக்குக் காவடியோடு ஏறி இறங்கி, மறுநாள் காலை கருவியில் நின்றால் எடை 57.8-இலிருந்து 55.9-க்கு இறங்கியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கொழுப்பு விழுக்காடோ 37.2-இலிருந்து 38.1-க்கு ஏறியிருந்தது. இறங்கிய 1.9 கிலோவில் கருவியின் கணக்குப்படி கொழுப்பு 200 கிராம்தான். தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த மாவுச்சத்தும், அதனோடு ஒட்டியிருக்கும் மூன்று நான்கு மடங்கு நீரும், மலையேறிய வியர்வையும் போனதே பெரும்பகுதி. இரண்டு வாரத்தில் 57.3 ஆகிவிட்டது. விரதத்தை நான் விடவில்லை; அது உடலை இளைக்க வைப்பதற்காக ஏற்பட்டதும் அல்ல. அடுத்த ஆண்டு விரத உணவிலேயே பயறும் தயிரும் நிறையச் சேர்த்தேன். அந்தச் சரிவு பாதியாகக் குறைந்தது.

கருவியைப் பற்றி எனக்குள்ள பெரிய மனக்குறை அதன் செயலிதான். 2023 கடைசியில் கைபேசியை மாற்றியபோது பதினான்கு மாதப் பதிவுகள் காணாமற்போயின; தயாரிப்பாளருக்கு மூன்று முறை எழுதியும் மீட்டுத் தரவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டில் கையால் எழுதுகிறேன். செயலியில் 'விளையாட்டு வீரர்' என்றொரு அமைப்பு இருக்கிறது; தெரியாமல் அதைத் தொட்டுவிட்டால் ஒரே நொடியில் கொழுப்பு ஆறு புள்ளி குறைந்துவிடும். வாங்கியவுடன் உயரத்தைச் சரியாக அளந்து பதியுங்கள், பிறகு எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள். எடை காட்டுவதில் மட்டும் நான்கு ஆண்டுகளில் குறை வைத்ததில்லை.

2024 ஆகஸ்டில் அதே சென்னை மையத்தில் மீண்டும் டெக்ஸா. எடை 57.1 கிலோ, இரண்டு ஆண்டில் 800 கிராம்தான் குறைந்திருந்தது. ஆனால் கொழுப்பு 36.4 விழுக்காடு. அதாவது மூன்று கிலோவுக்குச் சற்று மேல் கொழுப்பு போய், இரண்டே கால் கிலோ அளவுக்குத் தசை முதலியவை கூடியிருந்தன. வீட்டுக் கருவி 33.5 என்றது. இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே திசையில் ஏறக்குறைய ஒரே தொலைவு நகர்ந்தன. நான் அந்தக் கருவியிடம் எதிர்பார்ப்பதும் இவ்வளவே. இடுப்பு 81, சர்க்கரை 5.8.

அம்மாவால் இந்தக் கருவியில் ஏற முடியாது. அவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று கருவியோடு வந்த தாளிலேயே போட்டிருக்கிறது, தயவுசெய்து அதைப் படியுங்கள். 78 வயதில் அவர் மெலிந்து வருவதை உறவினர்கள் நல்லதென்று சொன்னார்கள். எனக்கு அது அச்சமாக இருந்தது. வயதானவர்களுக்குக் கெண்டைக்காலின் சுற்றளவையும், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார ஆகும் நேரத்தையும் பார்ப்பார்கள். ஆசிய மருத்துவர்களின் 2019 வரையறைப்படி பெண்களுக்குக் கெண்டைக்கால் 33 செ.மீ.க்குக் கீழே போனாலும், எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனாலும் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். அம்மாவுக்குக் கெண்டைக்கால் 31. முதன்முதலில் சோதித்தபோது 17 நொடி ஆயிற்று, நான்காவதாக எழும்போது கையை ஊன்றிவிட்டார்.

இப்போது அவர் தினமும் அடுப்படி நாற்காலியில், பருப்பு வேகும் நேரத்தில் பத்து முறை எழுந்து உட்காருகிறார். என் நோட்டில் அவருக்கென்று ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன். சென்ற சனிக்கிழமை எழுதியது: கெண்டைக்கால் 31.5, நேரம் 13 நொடி, கை ஊன்றவில்லை.