கண்ணாடிப் புத்தகமா, கூழைக்கடா கதையா?

தன்னைத் தானே மதிக்கச் சொல்லும் படப்புத்தகங்கள் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் இரண்டு இருக்கின்றன. கேட்பவள் நாலு வயதுப் பேத்தி.

ஒன்று கடையில் வாங்கியது. பக்கத்துக்குப் பக்கம் 'நீ அழகு, நீ கெட்டிக்காரி'. கடைசியில் வெள்ளித்தாள் கண்ணாடி. கெட்டி அட்டை, லேசில் கிழியாது. ஆனால் பிள்ளை நேரே கண்ணாடிக்குத்தான் போகிறாள். வெறும் புகழ்ச்சி எனக்கும் ஒட்டுவதில்லை. 1998இல் முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 'புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான புதிரில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள்; முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து மல்லுக்கட்டினார்கள். நாலு வயதுக்கு அது அப்படியே பொருந்துமா என்பது வேறு பேச்சு.

இன்னொன்று சார்ட் அட்டையில் நாங்களே வரைந்து தைத்தது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக் கூழைக்கடாதான் (பெலிகன்) நாயகி. அலகுக்கடியில் தொங்கும் பையைப் பார்த்து மற்ற பறவைகள் சிரிக்கின்றன.

"ஆச்சி, இதுக்கு வாய் ஏன் இப்படித் தொங்குது?"

"மீன் அள்ளத்தான்ட்டி."

அடுத்த பக்கத்தில் குஞ்சு அந்தப் பைக்குள் தலையை விட்டு மீன் தின்கிறது. அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அப்புறம் தன் சுருட்டைமுடி எதற்கு என்று ஆரம்பிக்கிறாள். ரிப்பன் நழுவாமல் நிற்க என்றேன், ஒத்துக்கொண்டாள்.

ஸ்கெட்ச் மை ஈரம் பட்டால் கலங்குகிறது, தையலும் விட்டுவிட்டது. பரிசு கொடுக்க, பஸ்ஸில் கொண்டுபோகக் கடைப் புத்தகம் சரி. ராத்திரிக் கதைக்குக் கூழைக்கடாதான்.