போட்டுவிட்டுப் போவதா, இறங்கி வாங்கி வருவதா?

பாதை சரியில்லாத ஊர்களின் சுகாதார நிலையங்களுக்கு மருந்து அனுப்ப எந்த டிரோன் என்று எங்கள் குழு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியது. நான்கு விசிறி வகையை முதலிலேயே தள்ளிவிட்டோம். ஓட்டப் பழகுவது சுலபம், ஆனால் சுமை ஏற்றினால் பேட்டரி சட்டென்று தீர்ந்துவிடும். ஆற்றைக் கடக்க மட்டும் என்றால் சரி.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று, சின்ன விமானம் போன்ற இறக்கை வகை. ருவாண்டாவில் 2016 முதல் ஜிப்லைன் நிறுவனம் ரத்தப் பைகளை இப்படித்தான் அனுப்புகிறது. கவண் போல விசையால் ஏவுகிறார்கள். சுமார் 80 கிலோமீட்டர் வரை போய், பாராசூட்டில் பெட்டியைப் போட்டுவிட்டு, அங்கே தரையைத் தொடாமலே திரும்பிவிடும். பிரசவத்தில் ரத்தப்போக்கு என்றால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நாங்கள் எடுத்தது மற்றதை. நின்ற இடத்திலிருந்து நேராக மேலே எழும்பி, அப்புறம் இறக்கையால் பறக்கும் கலப்பு வகை. எழும்பவும் இறங்கவும் பேட்டரியைக் குடிக்கும். தூக்கும் மோட்டார்கள் வழியெல்லாம் வெறும் பாரம். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் ஐஸ் பொதிகளின் எடை வேறு. இவ்வளவு தெரிந்தும் ஏன்?

திரும்பும் பெட்டிக்காக. காசநோய் சந்தேகம் உள்ளவர் திங்களன்று சளி மாதிரி கொடுப்பார். மாதிரி வாங்கும் பைக் வியாழன்தான் வரும். குழாயில் எடுத்த ரத்த மாதிரி என்றால் இன்னும் மோசம். செல்களைத் தனியே பிரிக்காமல் வைத்திருந்தால் அவற்றிலிருந்து பொட்டாசியம் கசிந்து, நன்றாக இருப்பவருக்கும் அளவு கூடுதலாகக் காட்டும். மறுபடி ரத்தம் எடுக்கக் கூப்பிட்டால் பாதிப் பேர் வருவதில்லை. 2016-இல் மலாவியில் யுனிசெஃப் சோதித்துப் பார்த்ததும் இந்தத் திசையைத்தான். எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் ரத்த மாதிரியை 10 கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதுதான் நோக்கம்.

இப்போது டிரோன் இறங்கியதும் செவிலியர் தடுப்பூசியை எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்கிறார். மாதிரிக் குப்பியைப் பஞ்சில் சுற்றி, உறையிலிட்டு, கெட்டிப் பெட்டியில் அடைத்து அதே டிரோனில் வைக்கிறார். மூன்று அடுக்கில் ஒன்று குறைந்தாலும் ஆய்வகம் திருப்பி அனுப்பிவிடும்.

இதற்கு விலையும் உண்டு. இறங்கும் திடலில் பழகிய ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பிள்ளைகளையும் நாய்களையும் விலக்குவதே பெரும்பாடு. போட்டுவிட்டுப் போகும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. ரத்தம் மட்டும்தான் உங்கள் தேவை, தூரமும் அதிகம் என்றால் அதையே எடுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

மழையும் பலத்த காற்றும் சேர்ந்தால் எங்களுடையது எப்படித் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு முழு மழைக்காலத்தை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அதனால் பைக்கில் வந்து மாதிரி வாங்குபவரை நிறுத்தவில்லை.