டெட்ராய்ட் லயன்ஸ் 2023 சீசன்: பல வருடம் கூடவே இருந்து பார்த்த அனுபவம்

மிச்சிகனில் கார் கம்பெனி வேலைக்கு வந்து இறங்கும் நம்மவர்கள், குளிர்காலத்துக்கு முன்பே அலுவலகத்தில் ஒரு அறிவுரை கேட்டுவிடுவார்கள்: லயன்ஸ் ஆட்டம் பார், ஆனால் மனசைக் கொடுத்துவிடாதே. லயன்ஸ் என்பது டெட்ராய்ட் நகரத்தின் அமெரிக்கக் கால்பந்து (NFL) அணி. நான் பார்க்கத் தொடங்கியது 2008இல். அந்த சீசனில் 16 ஆட்டம், 16 தோல்வி. 16 ஆட்ட சீசனில் ஒன்றுகூட ஜெயிக்காமல் முடித்த முதல் அணி இதுதான். கார் தொழிலும் அப்போது தரைமட்டம். வேலை போகுமோ என்ற பயத்தோடு ஊரே ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்து தோல்வியைப் பார்த்தது. ஆனாலும் யாரும் அணியை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம்.

2023 சீசன் ஏன் இவ்வளவு பெரிது என்று புரிய, அதற்கு முன்னால் இருந்த வறட்சி தெரிய வேண்டும். கடைசி சாம்பியன் பட்டம் 1957இல். அதற்குப் பிறகு பிளேஆஃபில், அதாவது சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்றில், ஒரே ஒரு வெற்றி, 1992 ஜனவரியில் டல்லாஸுக்கு எதிராக. கால்வின் ஜான்சன் 2012இல் பந்தைப் பிடித்தே 1,964 யார்டு எடுத்து லீக் சாதனை படைத்தார். அதே வருடம் அணி ஜெயித்தது வெறும் 4 ஆட்டம். 12 வருடம் குவார்ட்டர்பேக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) இருந்த மேத்யூ ஸ்டாஃபோர்டை 2021இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்குக் கொடுத்தார்கள். போன முதல் சீசனிலேயே அவர் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் ஜெயித்தார். அவருக்குப் பதிலாக நமக்கு வந்தது ராம்ஸ் வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஜேரட் காஃப், கூடவே டிராஃப்டில் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் சில வாய்ப்புகள்.

அதே 2021இல் கோச்சாக வந்தார் டேன் கேம்ப்பெல். முதல் சீசனில் 3 வெற்றி. அடுத்த சீசன் முதல் 7 ஆட்டத்தில் ஒரே வெற்றி. அதன்பின் மீதி பத்தில் எட்டை ஜெயித்தார்கள். அந்த சீசனின் கடைசி இரவு, பிளேஆஃப் வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்ட நிலையில், கிரீன் பே ஊருக்கே போய் 20-16 என்று ஜெயித்து அவர்களையும் வெளியே அனுப்பினார்கள். எதற்கும் உதவாத ஆட்டத்தை இப்படி ஆடும் அணியை நான் இங்கே அதுவரை பார்த்ததில்லை.

சரி, 2023க்கு வருவோம். இந்த அணியைப் பார்க்கும் அனுபவத்தின் உயிர்நாடி நான்காவது டவுன். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. மூன்றில் முடியவில்லை என்றால், பெரும்பாலான கோச்கள் நான்காவதில் பந்தை உதைத்துத் தள்ளிவிடுவார்கள், இல்லையென்றால் ஃபீல்டு கோலுக்கு, அதாவது கம்பங்களுக்கு நடுவே, உதைத்து 3 புள்ளி எடுப்பார்கள். கேம்ப்பெல் பெரும்பாலும் அப்படிச் செய்யமாட்டார், நான்காவதிலும் முன்னேறவே முயன்று பார்ப்பார்.

முதல் ஆட்டம் செப்டம்பர் 7, கான்சஸ் சிட்டியில், நடப்பு சாம்பியனுக்கு எதிராக. லயன்ஸ் தன் பக்க 17 யார்டு கோட்டில் நிற்கிறது, நான்காவது டவுன், 2 யார்டு வேண்டும். பந்தை உதைக்க வேண்டியவர் பின்னால் தயாராக நிற்கிறார். பந்து அவருக்குப் போகவில்லை. நடுவில் நின்ற ஜேலன் ரீவ்ஸ்-மேபின் கைக்கு நேராகப் போனது. அவர் தலையைக் குனிந்து கூட்டத்துக்குள் முட்டி மூன்று யார்டு எடுத்தார். தவறியிருந்தால் பந்து அங்கேயே சாம்பியன் கைக்குப் போயிருக்கும், டச் டவுனை (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுக்கும் பெரிய புள்ளி) தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. அந்தத் தொடர் முயற்சி மொத்தம் 91 யார்டு முன்னேறி, அமோன்-ரா செயின்ட் பிரவுனின் டச் டவுனில் முடிந்தது. பிறகு புதுமுகம் பிரையன் பிராஞ்ச், எதிரணி குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் வீசிய பந்தைப் பறித்து 50 யார்டு ஓடினார். முடிவு 21-20. அடுத்த நாள் அலுவலகத்தில் யாரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

நவம்பரில் சார்ஜர்ஸ் ஆட்டம், 38-38 சமநிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஃபீல்டு கோல் தூரத்தில் இருந்தும் நான்காவது டவுனில் மறுபடி வீசினார்கள். சாம் லபோர்டா பிடித்தார், கடிகாரத்தைக் கரைத்தார்கள், கடைசி நொடியில் உதைத்து 41-38. ஆனால் தேங்க்ஸ்கிவிங் அன்று கிரீன் பேக்கு எதிராக அதே தந்திரத்தை, அதே ரீவ்ஸ்-மேபினை வைத்து, தன் பக்க 23 யார்டு கோட்டில் முயன்றபோது மாட்டிக்கொண்டார்கள். ஊரே வீட்டில் விருந்துக்குக் கூடியிருந்த நாளில் 29-22 தோல்வி. இரண்டையும் ஒன்றாகத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

டிசம்பர் 24 அன்று மின்னசோட்டாவை ஜெயித்து 1993க்குப் பிறகு முதல் டிவிஷன் (லீக்கில் எங்கள் பிரிவு) பட்டம். அடுத்த வாரம் டல்லாஸில், 23 வினாடி இருக்கும்போது, டச் டவுனுக்குப் பிந்தைய இரண்டு புள்ளி முயற்சியில் டேலர் டெக்கர் பிடித்த பந்தை நடுவர்கள் செல்லாது என்றார்கள். வழக்கமாகப் பந்து பிடிக்க அனுமதியில்லாத வீரர்கள் முன்கூட்டியே நடுவரிடம் சொல்ல வேண்டும்; அப்படித் தெரிவித்தது டெக்கரா, ஸ்கிப்பரா என்ற குழப்பம். 20-19 தோல்வி. அதைப் பற்றி இன்னும் பேசினால் இரத்தம் கொதிக்கும், விட்டுவிடுகிறேன்.

நேரில் பார்ப்பது எப்படி? ஃபோர்டு ஃபீல்டு நகர நடுவில், மூடிய கூரையோடு இருக்கிறது. வெளியே உறைபனி, உள்ளே சட்டையோடு உட்காரலாம். ஒரு பக்கச் சுவர் பழைய ஹட்சன்ஸ் கிடங்குக் கட்டடம். செங்கல், அகலமான ஜன்னல், அவற்றின் வழியே வெளிச்சம். அப்புறம், ஆட்டத்துக்கு முன்னால் ஈஸ்டர்ன் மார்க்கெட் பக்கம் போக வேண்டும். காலையிலேயே கார் டிக்கியைத் திறந்து வைத்துக் கறி சுடுவார்கள். தெரியாதவர்கள் கூப்பிட்டுக் கையில் தட்டைத் திணிப்பார்கள். கறி சாப்பிடாதவர் என்றால் மக்காச்சோளம் தேடிக் கொண்டுவந்து தருவார்கள்.

ஜனவரி 14, ராம்ஸ் வந்தது, எதிரே ஸ்டாஃபோர்டு. டிக்கெட் விலை என் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது, நண்பர் வீட்டு டிவியில்தான் பார்த்தேன். ஆட்டம் தொடங்குமுன்பே அரங்கம் முழுக்க காஃபின் பெயரைச் சொல்லிக் கத்தியது. தள்ளிவிடப்பட்ட மனிதருக்கு ஓர் ஊர் கொடுத்த மரியாதை அது. இரண்டாம் பாதியில் லயன்ஸ் எடுத்தது 3 புள்ளிதான். ஆனால் ராம்ஸ் மூன்று முறை கோல் கோட்டருகே வந்தும் டச் டவுன் விடவில்லை. 24-23. முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு பிளேஆஃப் வெற்றி. என் பக்கத்தில் இருந்த பெரியவர், அப்பா இல்லையே என்று சொல்லி அழுதார். அடுத்த வாரம் டாம்பா பேயையும் 31-23.

பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ 49ers. பாதி நேரத்தில் 24-7 முன்னிலை. முடிவில் 34-31 தோல்வி. மூன்றாவது குவார்ட்டரில், நான்காவது டவுனில் ஜாஷ் ரெனால்ட்ஸ் கையில் பட்டு நழுவிய பந்து. நம் தடுப்பு வீரர் கிண்டில் வில்டரின் முகக்கம்பியில் பட்டுத் தெறித்து எதிரணி கைக்குப் போன 51 யார்டு பந்து. அடுத்ததாக நம் கிப்ஸின் கையிலிருந்து நழுவிய பந்து. நான்காவது குவார்ட்டரில், 27-24 என்று பின்தங்கியபோது, மறுபடி நான்காவது டவுன், மறுபடி தவறியது. ஃபீல்டு கோல் உதைத்திருக்க வேண்டும் என்று ஊரே கேம்ப்பெலைத் திட்டியது. எனக்கு அந்த இரண்டு நான்காவது டவுன் முடிவிலும் வருத்தமில்லை. செப்டம்பரில் கைதட்டியதைத்தான் ஜனவரியிலும் செய்தார். என் வருத்தம் வேறு: கடைசி நிமிடத்தில் கோல் கோட்டருகே பந்தை ஓட வைத்து, அது நின்றதும் ஒரு டைம்அவுட்டை (கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு) வீணாக்கியது. அது இருந்திருந்தால் பந்து திரும்பக் கிடைக்க ஒரு வழி இருந்திருக்கும்.

குறைகள் சொல்லியே ஆக வேண்டும். மூன்று மணி நேர ஒளிபரப்பில் பாதிக்கு மேல் விளம்பரமும் காத்திருப்பும். சீசன் செப்டம்பரில் தொடங்கி, நன்றாகப் போனால் பிப்ரவரி வரை, அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. தலையில் அடிபட்டு ஒருவர் தள்ளாடி எழும்போது நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிடுவேன். அது வருடங்கள் ஆகியும் பழகவில்லை, பழகவும் கூடாது.

2024இல் லயன்ஸ் 15 ஆட்டம் ஜெயித்து, இரண்டே தோற்றது. பிறகு சொந்த அரங்கத்திலேயே வாஷிங்டனிடம் 45-31 என்று பிளேஆஃபில் முடிந்தது. எண்ணிக்கையில் அதுதான் பெரிய சீசன். புதிதாகத் தொடங்குபவர் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால், நான் 2023இன் ராம்ஸ் ஆட்டத்தையே முழுதாகப் போடச் சொல்வேன், விளம்பரம் நீக்கிய பதிப்பில்.